ஊசி இல்லாத ஐந்தரை ஆண்டு

(மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் பாலர்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், கோயில் நிர்வாகத்தினர் கூடியிருந்த அவையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய அன்பர் இரண்டு முறை ‘டாக்டர்’ என்று சொல்லிவிட்டார். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். கழுத்து நிற்காத பிள்ளைக்குக் கழுத்து நிற்கவும், உட்காராத பிள்ளை உட்காரவும் பழக்குவதுதான் என் வேலை. ஆகவே கூட்டம் முடிந்ததும் இடுப்பு வலிக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லி யாரும் வந்து நிற்க வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தைக் கொண்டு வரும்படி கேட்டிருந்தேன். பையன் என்றால் நீலம், பெண் என்றால் ரோஸ் என்று நமக்கெல்லாம் பழக்கமான புத்தகம். அதில் ஊசி போடும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறந்தவுடனே பிசிஜி. இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் எம்எம்ஆர். பதினைந்தாம் மாதம் ஒன்று, பதினெட்டாம் மாதம் ஒன்று. அதற்கு அடுத்த ஊசி எப்போது? ஏழு வயதில், முதலாம் ஆண்டில், பள்ளிக்கூடத்தில்.

நடுவில் ஐந்தரை ஆண்டு. நான் இன்று பேச வந்தது இந்த ஐந்தரை ஆண்டைப் பற்றித்தான்.

புத்தகம் அந்த ஆண்டுகளைக் காலியாக விடவில்லை. இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் அதற்குப் பிறகும் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க அதில் இடம் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு மாதத்திலும் மூன்று வயதிலும் பெற்றோர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. எம்-சாட் என்பார்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே பிடிப்பதற்கானது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? “ஊசி ஒண்ணும் இல்லையே, எதுக்கு லீவு போட்டுட்டுப் போகணும்?” நாள் சம்பளக்காரர் கேட்கிற கேள்வி இது. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கணக்கில் அது சரி. பிள்ளையின் கணக்கில்தான் உதைக்கிறது.

பிறந்த புதிதில் இந்த நாடு குழந்தைகளை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. பிரசவ வார்டிலேயே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவாகப் பிறக்கும் குழந்தையை முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் வளரும். சில மாதம் தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி குன்றிவிடும்; பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இழந்தது திரும்பாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டையும் அதே ரத்தத்தில் பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தையின் துணி வைத்திருக்கும் அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள் என்று மிஸி (தாதி) சொல்லி அனுப்புவார். ஏதோ சாஸ்திரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும். காமாலை அளவு மீறிப் போனால் காது கேட்கும் திறனையும் கை கால் அசைவையும் கெடுத்துவிடும். வார்டில் நீல விளக்கின் கீழே வைப்பது அதற்காகத்தான். பாதம் உள்பக்கம் திரும்பிப் பிறந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு நேராக்கிவிடுகிறார்கள். பொன்செட்டி முறை என்று பெயர். அந்தப் பிள்ளை பிறகு பள்ளியில் பந்து உதைக்கும்.

இதெல்லாம் கண்ணுக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ உடனே தெரிகிற குறைகள். பேச்சு வராதது, கூப்பிட்டால் திரும்பாதது, ஒரு காது மந்தமாக இருப்பது, ஒரு கை மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருப்பது எல்லாம் அந்த ஐந்தரை ஆண்டுக்குள்தான் மெல்ல வெளியே வரும். வெளியே வரும்போது பார்க்க ஆள் இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் ஆள் இருந்தது. இங்கே நரைத்த தலைகள் பல தெரிகின்றன. ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். பீடோங் ஹார்வர்ட் தோட்டமோ, பாடாங் செராய் விக்டோரியா தோட்டமோ, எதுவானாலும் ஒரே நடைமுறைதான். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தூங்குகிற பிள்ளையை அம்மா தோளில் போட்டுக்கொண்டு இருட்டோடு இருட்டாக வந்து கொட்டகையில் விட்டுவிட்டு பால்மரம் வெட்டப் போவார். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஓர் ஆயா, சில இடங்களில் இரண்டு. பகலில் அம்மா திரும்பி வரும் வரை அந்த ஆயாவின் கண்ணில்தான் பிள்ளை.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆயாவுக்குப் பயிற்சி கிடையாது. பால் கலக்கிக் கொடுத்து, அழுதால் ஆட்டிவிட வேண்டியதுதான். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் காய்ச்சலுக்கும் ஒரே மிக்சர், வயிற்றுப்போக்குக்கும் ஒரே மிக்சர். குறையோடு பிறந்த பிள்ளைக்கு நம் ஆட்கள் வைத்த பட்டப்பெயர்களை இந்த மேடையில் சொல்ல எனக்கு வாய் வராது. சிகிச்சை என்று எதுவும் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் இருபது பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்கிற ஒருவருக்கு இருபத்தோராவது பிள்ளை வேறு மாதிரி இருப்பது தெரியும். “இவ இன்னும் உட்காரலையே, உன் பெரியவன் ஆறு மாசத்துல உட்கார்ந்துட்டானே” என்று ஆயா சொல்லுவார். அந்த ஒரு வாக்கியம் இன்று பல வீடுகளில் யார் வாயிலிருந்தும் வருவதில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகின, விற்கப்பட்டன, தாமான் என்னும் குடியிருப்புகள் எழுந்தன. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. இங்கே பக்கார் ஆராங் பக்கம் தொழிற்சாலைகள். தோட்டத்துப் பெண்ணின் மகள் இன்று ஷிப்டு வேலைக்குப் போகிறாள். பிள்ளை பாட்டியிடம், அல்லது பக்கத்து வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம், அல்லது கைத்தொலைபேசியிடம். மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில், கதவைச் சாத்திய வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு ஒப்பிட்டுப் பார்க்க எது இருக்கிறது?

பாட்டி கவலைப்பட்டாலும் அதை அடக்க நம்மிடம் ஆயத்தமாக வார்த்தைகள் இருக்கின்றன. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு.” “ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்.” “கோயிலுக்கு வேண்டிக்கிட்டிருக்கோம்.” வேண்டிக்கொள்ளுங்கள், தடையில்லை. வேண்டிக்கொண்டபடியே காதைச் சோதிக்கவும் கூட்டிப் போங்கள். நாக்கில் வசம்பு உரசித் தேன் தடவினால் பேச்சு வரும் என்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் தசைகளை முடக்கிப்போடும். இரண்டு வயதுப் பிள்ளை பேசாததற்குக் காரணம் நாக்கில் இருப்பதை விடக் காதில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. நம்மில் பலர் மூன்று வயதில்தான் சந்தேகப்படவே தொடங்குகிறோம்.

பாலர்பள்ளி ஆசிரியர்களும் பாட்டிமார்களும் இதைக் கவனியுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வாருங்கள். மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கும். “காக்கா எங்கே?” என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விரலை நீட்டும். அதோடு நிற்காது, விரலை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். நீங்களும் பார்த்தீர்களா என்று சரிபார்க்கிற பார்வை அது. காக்கையைக் காட்டுவதை விட அந்தத் திரும்பிப் பார்த்தல் பெரிது. விரலும் நீட்டாமல், முகத்தையும் பார்க்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், வேண்டிய பொருளுக்கு உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைக்கிற பிள்ளையைக் காட்ட வேண்டும். ஆட்டிசம்தான் என்று நான் சொல்லவில்லை. காட்ட வேண்டும், அவ்வளவுதான். தவறாகச் சந்தேகப்பட்டால் ஒரு நாள் கூலி போகும். சந்தேகப்படாமல் விட்டால் மூன்று நான்கு ஆண்டு போகும்.

எங்கே காட்டுவது? முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை, அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை, அல்லது கூலிம் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. அங்கே தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். இங்கேதான் பெற்றோர் சோர்ந்துபோகிறார்கள். அதில் அரசாங்க அமைப்புக்கும் பங்கு உண்டு. நோயைக் கண்டுபிடிப்பது சுகாதார அமைச்சு. ஓகேயூ எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டையும் சமூக மறுவாழ்வு மையமும் சமூகநலத் துறை. நான்கு வயதுக்குக் கீழே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தஸ்கா, 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதுவும் சமூகநலத் துறை. நான்கு வயதிலிருந்து பாலர்பள்ளி, கல்வி அமைச்சின் சட்டம். ஒரே பிள்ளை, மூன்று கோப்பு. இந்தக் கோப்பு அந்தக் கோப்போடு பேசுவதில்லை. நடுவில் நடந்து பேச வைப்பது அம்மாவின் வேலையாகிவிடுகிறது, அதுவும் பேருந்தில். பாலிங்கிலிருந்தோ கோலா கெட்டிலிலிருந்தோ நடக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது என்ன பாடு என்று வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஈப்போவில் நீண்ட காலம் குழந்தை மருத்துவராக இருந்த டாக்டர் அமர்சிங் போன்றவர்கள் இந்த இடைவெளியை ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்டை எடுப்பதற்குப் பலர் அஞ்சுகிறார்கள். “முத்திரை குத்திடுவாங்க, நாளைக்குக் கல்யாணம் ஆகாது” என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறார்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் அந்த அட்டை ஒரு பதிவு, விருப்பப்பட்டு எடுப்பது. மருத்துவர் உறுதிசெய்து கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்தால் போதும். அது இருந்தால் சமூக மறுவாழ்வு மையத்தில் சேரலாம். பயிற்சி பெறுபவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை. சிலருக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: பிறப்புப் பத்திரமே இல்லை. 2011இல் மைடாஃப்தார் என்ற பெயரில் நம் சமூகத்தில் பத்திரம் இல்லாதவர்களைத் தேடிப் பதிவு செய்ய அரசாங்கம் தனியாக இயக்கம் நடத்த வேண்டி வந்தது என்றால் பிரச்சினை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். குடியுரிமைத் தாள் இல்லாத பிள்ளைக்கு அட்டையும் இல்லை. கோயில் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். பெயர் சூட்ட வருகிற குடும்பத்திடம், பிறப்பைப் பதிந்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சமூக மறுவாழ்வு மையம் என்றேன். பிடிகே என்றால் எல்லோருக்கும் புரியும். அது இந்த நாட்டில் 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனைதான் அடிப்படை: ஊர்க்காரர் ஒருவரைப் பழக்கி, அவர் வீடு வீடாகப் போய்க் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுப்பது. இன்று நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. நல்ல வளர்ச்சி. ஆனால் வீட்டைத் தேடிப் போவதாகத் தொடங்கியது, பெரும்பாலும் வீட்டிலிருந்து வரச் சொல்கிற இடமாக மாறிவிட்டது. மையத்தின் வேன் வரும் தெருவில் இருப்பவருக்கு அது நல்லது. ஒன்றரை வயதுப் பிள்ளையையும் முப்பது வயது ஆளையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலைமை பணியாளர்களுக்கு. பிடிகேயை நடத்துவது உள்ளூர்ச் செயற்குழு. பெற்றோரும் ஊர்க்காரர்களும் அதில் உட்காரலாம். நம்மவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? கோயில் நிர்வாகத் தேர்தலுக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கே வந்தாலும் போதும். (சிரிப்பு)

மொழி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பேச்சு தாமதமான பிள்ளையின் பெற்றோருக்கு ஓர் அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது: “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். தமிழை விட்டுவிடுங்கள், குழம்பிப்போவான்.” படித்தவர்களே சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையானாலும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையானாலும் இரண்டு மொழி கேட்பது கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் தமிழை நிறுத்தினால் அந்த வீட்டில் என்ன ஆகும்? நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிற பாட்டி வாயை மூடிக்கொள்வார். அம்மா தனக்குத் தெரிந்த நாற்பது ஆங்கில வார்த்தையில் பிள்ளையைக் கொஞ்ச வேண்டியிருக்கும். பேச்சு குறைவாக இருக்கிற பிள்ளையைச் சுற்றி இருந்த பேச்சையும் குறைத்துவிட்டோம். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில், நிறைய, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பள்ளிக்கூடம் மலாயையும் ஆங்கிலத்தையும் பார்த்துக்கொள்ளும்.

இனி நான் ஆசையாகப் பேசுகிற பகுதிக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் பண்ணைகள், வீட்டுக்கு வீடு பல மைல். அங்கே 1969இல் குறைபாடுள்ள சிறு பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். மையம் கட்டினால் யாரும் வர முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அதனால் பயிற்சியாளர் வாரம் ஒரு தடவை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கே போனார். பிள்ளைக்குச் சிகிச்சை தருவது அவர் நோக்கமில்லை; அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதுதான். இந்த வாரம் ஒரே ஒரு சின்னக் காரியம், டம்ளரை இரண்டு கையால் பிடிப்பது, அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்து பார்ப்பார். பிள்ளைக்கு அது கைவந்திருந்தால் அடுத்தது, வராவிட்டால் அதையே இன்னும் சின்னதாக உடைப்பார். அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தென்காசி பக்கம் ஆய்க்குடிக்குப் போகலாம். எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல், தமக்குச் சிகிச்சை செய்த மருத்துவரின் பெயரை வைத்து, அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சங்கம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களையே பழக்கி, கையில் ஒரு கணினிப் பலகையைக் கொடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. பிள்ளையின் முன்னேற்றத்தை அதில் பதிவார்கள். பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வதென்று சொல்வார்கள். நிபுணர் ஒருவர், வீடுகள் பல, நடுவில் நம்பகமான ஓர் அக்கா. பாடாங் செராயிலும் பீடோங்கிலும் இது நடக்காது என்று யார் சொன்னது? பீடோங் செமலிங்கிலேயே நம் சமூகம் கட்டிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவமும் பிசியோதெரபியும் படிக்கிற பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போவதைவிட நல்ல பாடம் எது?

வீட்டில் என்ன செய்வது என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். மூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஒரு வகையினருக்குக் கால்கள் விறைத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இடுப்புத் துணி மாற்றவே முடியாது. பெற்றோர் குழந்தைகளுக்கான சக்கர வாக்கரில் போட்டால் நடந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வாக்கர் கால் விரலை ஊன்றித் தள்ளப் பழக்கி விறைப்பைக் கூட்டும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. சாதாரணப் பிள்ளைக்கே ஆபத்து என்று. கால் விறைத்த பிள்ளைக்கு நான் முதலில் சொல்லிக் கொடுக்கும் வைத்தியம் இடுப்பில் தூக்கிக்கொள்வது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் என்று அகற்றி அம்மாவின் இடுப்பில் உட்கார வைத்தால், கால்கள் தாமாக விலகி நிற்கும். முதுகும் தலையும் நிமிரக் கற்றுக்கொள்ளும். டேவிட் வெர்னர் 1987இல் கிராமத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய புகழ்பெற்ற கையேட்டிலும் இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். நம் பாட்டிமார் குழாயடிக்குப் போகும்போது செய்துகொண்டிருந்ததுதான். இந்தக் காலத்து அம்மாவிடம் இதைச் சொன்னால், “அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்?” என்கிறார். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தூக்கும்போது, நாளுக்கு இருபது முறை வீட்டில் இந்தப் பயிற்சி நடக்கும். என்னிடம் மாதம் ஒரு முறை அரை மணி நேரம். எது பெரிது?

சேலைத் தொட்டிலைப் பற்றியும் கேட்பார்கள். தூங்கப் போடுங்கள். விழித்திருக்கும்போது தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள். நாள் முழுக்கத் தொட்டிலில் ஆடுகிற பிள்ளைக்குக் கழுத்தைத் தூக்க ஒரு காரணமும் கிடைப்பதில்லை.

சட்டென்று செய்யக்கூடியவை சில என் மனதில் இருக்கின்றன. பாலர்பள்ளி ஆசிரியர்களே, நான்கு வயதில் சேர்க்க வருகிற பிள்ளைக்காகக் காத்திருக்காமல், அண்ணனையோ அக்காவையோ விட வருகிற அம்மாவின் இடுப்பில் இருக்கும் பிள்ளையையும் கவனியுங்கள். ‘பிள்ளை இங்கே சரிப்படாது’ என்று திருப்பி அனுப்புவதானால் எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வெறும் கையோடு அனுப்பினால் அந்தக் குடும்பம் ஏழு வயது வரை எந்தக் கதவையும் தட்டாது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் இருக்கிறது. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் மிகக் குறைவு என்பதால் கொள்கை ஒரு பக்கம், வகுப்பறை ஒரு பக்கம் நிற்கிறது. கோயில்களுக்கு மண்டபம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, வெள்ளிக்கிழமை தவிரப் பகல் நேரத்தில் காலியாகக் கிடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாயில் விட்டு விளையாட வைத்தால், இருபது பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்க ஓர் இடம் மறுபடி கிடைக்கும். நான் வருகிறேன். என் சக ஊழியர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலி வைத்திருக்கிறேன். முழுக்க அட்டைப் பெட்டி. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் பழைய தாளையும் அட்டையையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி மேசை நாற்காலி செய்யும் முறையைப் பரப்பினார். ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். கூலிமிலும் பக்கார் ஆராங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை. செய்ய விரும்புகிறவர்கள் அளவை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையை உட்கார வைத்து, பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து அதில் இரண்டு விரற்கடை கழித்தால் இருக்கையின் ஆழம். மடிப்பிலிருந்து குதிகால் வரை உயரம். பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், தொங்கக் கூடாது. முதுகுப் பலகை நேராக வேண்டாம், சுவர் மூலை மாதிரி இரண்டு பலகை சேரட்டும். அப்போதுதான் தோள் முன்னால் வந்து இரண்டு கையும் நடுவில் சந்திக்கும். முன்னால் வைக்கும் மேசை முழங்கை உயரம். பசை காய மூன்று நான்கு நாள் வெயிலில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள்.